வெம்பரிப் பாறையில் ஊமச்சி பார்த்த கதை

"வத்தம் பன்னிரண்டரைக்கு, பெரியப்பா. அதுக்கு முன்னாடியே அங்க நிக்கணும். விட்டா பாறையெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும்" என்று முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிட்டாள் தம்பி மகள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பிளிமத்தில் கடல் உயிரியல் படிக்கிறாள். தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பிள்ளை, வத்தக் கணக்கை, அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தை, போனில் பார்த்துச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் அப்பா நிலாவைப் பார்த்துச் சொல்வார்.

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறும்போதே ஜன்னல் சீட் பிடித்திருந்தேன். டாலிஷ் என்ற ஊரில் தண்டவாளம் கடல் சுவரை ஒட்டியே ஓடும், அலைத் தண்ணீர் பெட்டியில் தெறிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஊர் வருவதற்குள் இருட்டிவிட்டது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். பிளிமத்திலிருந்து பஸ்ஸில் வெம்பரி போய் இறங்கினோம். மேட்டில் பழைய கற்கோயில் ஒன்று, எதிரே கடலுக்குள் கூம்பாக நிற்கும் மியூஸ்டோன் தீவு, நடுவில் கடல் உள்வாங்கி விட்டுப்போன கறுப்புப் பாறைகள். காற்று காதை அறுத்தது. வழியில் அவளிடம் கேட்டிருந்தேன்: "நத்தையெல்லாம் விஷத்தை உறிஞ்சி முறிச்சிருமாமே, அப்ப கடலுக்கு நல்லதுதானே?" அவள் சிரித்துவிட்டு, "பாறைக்கு வாங்க, காட்டுறேன்" என்றாள்.

பாறைக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. கொப்புளம் கொப்புளமாக ஒரு பழுப்புப் பாசி எங்கும் படர்ந்து கிடக்கிறது. மிதித்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மூன்றாவது அடியிலேயே சறுக்கி, முழங்கால் வரை குட்டைக்குள் இறங்கிவிட்டேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் என்ற என் பவிசு அத்தோடு போயிற்று. ஷூவுக்குள் ஐஸ் தண்ணீரோடுதான் மீதிக் கதையெல்லாம் கேட்டேன்.

பாறை முழுக்கக் கொட்டலசு, பாறையிலும் படகடியிலும் ஒட்டி வளரும் கூரான ஓட்டுப் பிராணி. அதைப் பார்த்ததும் என் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது. சின்ன வயதில் கரையேற்றிய வள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அதைச் சுரண்டிச் சுரண்டிக் கையைக் கிழித்துக்கொண்ட அனுபவம் அப்படி. அந்தக் கொட்டலசுக்கு நடுவே, பெருவிரல் நுனியளவில், தடித்த ஓட்டோடு ஒரு வெள்ளை நத்தை. ஆங்கிலத்தில் டாக்வெல்க் என்கிறார்கள். எனக்கு அது ஊமச்சிதான்.

அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். வாய்ப்புறத்தில் ஒரு சின்னக் கால்வாய் போன்ற வெட்டு. அதன் வழியே குழாயை நீட்டித் தண்ணீரை இழுத்து, செவுளில் ஓடவிட்டு மூச்சு வாங்குமாம். தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் அப்படியே உள்ளே வந்துவிடும். இன்னொரு வழி வயிறு. பக்கத்தில் இருக்கும் கொட்டலசும், கல்லுக்காய் என்கிற இரட்டை ஓட்டுச் சிப்பியும்தான் அதன் இரை. கல்லுக்காயின் ஓட்டில் அரம் போன்ற நாக்கால் கொஞ்சம் ராவும், காலில் சுரக்கும் திரவத்தால் கொஞ்சம் இளக்கும், மறுபடி ராவும். ஒரு ஓட்டைத் துளைக்கவே ஒன்றிரண்டு நாள் ஆகும். கல்லுக்காய் சும்மா இருக்காது. தன் நாரால் நத்தையைப் பாறையோடு கட்டிப்போட்டுவிடும். அப்படிக் கட்டுண்டு செத்த ஓடு ஒன்றையும் பார்த்தேன். கல்லுக்காய் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பது. ஆகவே அதன் உடம்பில் சேர்ந்த நஞ்சும் மொத்தமாக நத்தைக்குப் போய்ச் சேரும்.

அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது என் சுரண்டல் அனுபவத்தோடு ஒட்டிய கதை. கொட்டலசு ஒட்டினால் கப்பலின் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். 1960களிலிருந்து அதற்கு மருந்தாக வந்தது டிரைபியூட்டைல்டின், சுருக்கமாக டிபிடி, கலந்த பெயின்ட். ஒரு வெள்ளீய அணு, அதில் மூன்று பியூட்டைல் கைகள். பெயின்ட்டிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து, ஒட்ட வரும் எதையும் கொல்லும். வேலையில் கெட்டிக்காரச் சரக்கு. சுரண்டியவன் என்ற முறையில் அதன்மேல் கப்பல்காரர்களுக்கு இருந்த மயக்கம் எனக்குப் புரிகிறது.

"முறிக்குமான்னு கேட்டீங்கல்ல? முறிக்கும்" என்றாள். நத்தையின் சீரணச் சுரப்பியில், நம் ஈரல் மாதிரி வேலை பார்க்கும் உறுப்பில், சில நொதிகள் இருக்கின்றன. அவை அந்தக் கைகளை ஒவ்வொன்றாக வெட்டும். மூன்று கை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், கடைசியில் வெறும் வெள்ளீயம் மிஞ்சும். ஒவ்வொரு வெட்டுக்கும் நஞ்சின் வீரியம் இறங்கும். மீன் இதை நத்தையைவிட வேகமாகச் செய்துவிடுகிறது. நத்தைக்கு அந்த நொதிகளின் பலம் குறைவு. உள்ளே போனதில் பாதியைக் குறைக்கவே மாதக்கணக்கில் ஆகும். வடியும் வேகத்தைவிடச் சேரும் வேகம் அதிகம். ஆகவே சுற்றியிருக்கும் தண்ணீரில் உள்ளதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு செறிவு அதன் சதையில் ஏறிவிடுகிறது. கடன் அடைக்கிறவன்தான், ஆனால் வட்டிக்கே பத்தவில்லை.

அப்படித் தேங்கியது என்ன செய்தது என்பதை அவள் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். பெரியப்பாவிடம் சொல்லும் விஷயமா என்ற கூச்சம். பெண் நத்தைகளுக்கு வலது உணர்கொம்பின் பின்னால் ஆண்குறி முளைத்தது. 1970இல் பிளேபர் என்ற ஆய்வாளர் இதே பிளிமத் கடற்கரை நத்தைகளில் இதைக் கண்டு எழுதினார். மறு வருஷம் அமெரிக்காவில் வேறொரு நத்தையில் இதைப் பார்த்தவர் 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். முற்றிய நிலையில் விந்துக்குழாயும் வளர்ந்து, முட்டை வெளிவரும் வாயை அடைத்துவிடும். இட முடியாத முட்டைப் பைகள் உள்ளேயே கட்டிப்போய் நத்தை சாகும். ஆண் ஹார்மோன் கூடுவதால் இப்படி ஆகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ரெட்டினாய்டு ஏற்பி என்ற புரதப் பூட்டில் டிபிடி கள்ளச்சாவி மாதிரிப் போய்ப் பொருந்துவதைக் காட்டினார்கள்.

இதற்கு எவ்வளவு டிபிடி வேண்டும் தெரியுமா? லிட்டருக்கு 1 நானோகிராம் போதும், குறி முளைக்கத் தொடங்கிவிடும். அதாவது 1 கிராமை 100 கோடி லிட்டரில் கரைத்த அளவு. தூத்துக்குடிக்காரனுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணி லாரி 83 ஆயிரத்துக்கு ஒரு கிராம். படகுகள் நெருக்கியடித்து நிற்கும் துறைகளில் இதைப்போல நூறு மடங்குக்கு மேலேயே இருந்திருக்கிறது.

பிளிமத் சிட்டடல் ஹில்லில் 1888இல் திறந்த கடல் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்த பிரையன், கிப்ஸ் முதலானவர்கள் இந்தக் கரைப் பாறைகளையெல்லாம் தேடி அலைந்து, துறைமுகத்தை நெருங்க நெருங்க நத்தை அருகிப்போனதை 1986இல் எழுதினார்கள். கிப்ஸ் பிறகு கென்ட் கரையில் டம்ப்டன் கேப் என்ற இடத்தில் கண்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் நத்தை அழிந்திருக்க, அங்கே மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. காரணம் ஒரு பிறவிக் குறை. அங்கே சில ஆண்களுக்குக் குறி சரியாக வளராது, சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. அதே குறையோடு பிறந்த பெண்களுக்கு டிபிடி பட்டும் அடைப்பு வரவில்லை. முட்டையிட்டன. எங்கள் ஆச்சி கேட்டிருந்தால் "குறையும் ஒரு கொடுப்பினைதாம்ல" என்றிருப்பாள்.

ஒரு வெடிப்புக்குள் டார்ச் அடித்து, "இதப் பாருங்க" என்றாள். நெல் மணிபோல மஞ்சள் பைகள், காம்பில் நிமிர்ந்து கூட்டமாக நின்றன. ஒவ்வொன்றிலும் சில நூறு முட்டை; அதில் பெரும்பாலானவை குஞ்சு பொரிக்காமல் மற்றவற்றுக்குத் தீனியாகும். நாலு மாதம் போல் கழித்து இருபது முப்பது குட்டி நத்தைகள் ஊர்ந்து வெளியே வரும். சங்கதி இந்த ஊர்வதில்தான் இருக்கிறது. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து ஊர் விட்டு ஊர் போகும். இது போகாது. பிறந்த பாறையைச் சுற்றியே காலம் தள்ளும். ஒரு பாறையில் அழிந்தால் பக்கத்துப் பாறையிலிருந்து நடந்துதான் வந்து சேர வேண்டும்.

ஆர்க்கஷான் வளைகுடாவில் சிப்பிப் பண்ணைகள் நொடித்ததைப் பார்த்து, பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு டிபிடியைத் தடுத்தது. பிரிட்டன் 1987இல். உலகக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் 2001இல் எழுதப்பட்டு 2008இல்தான் அமலுக்கு வந்தது. தண்ணீரில் டிபிடி சில நாட்கள், வாரங்களில் சிதைந்துவிடுகிறது. துறைமுகச் சேற்றுக்குள் புதைந்தது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நத்தை மட்டும் நடந்து நடந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பினோம். பஸ்ஸைக் கோட்டை விட்டு முக்கால் மணி நேரம் நின்றதும், ஷூவைக் கழற்றி உதறியதும் தனிக் கதை.

சாயங்காலம் சட்டன் துறைப் பக்கம் நடந்தோம். தூக்கி நிறுத்திய ஒரு படகின் அடியில் ஒருவர் உட்கார்ந்து கொட்டலசு சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செம்பழுப்பு பெயின்ட் டப்பா. டப்பாவைக் குனிந்து படித்தவள், "இப்ப இதுல தாமிரம், பெரியப்பா" என்றாள். நத்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தானாம். அதனால்தான் அதன் ரத்தம் நீலம். அளவு மிஞ்சினால் அதற்கும் கேடுதான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த ரப்பர் கையுறை போட்டிருந்தார்.

ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன்.

"அங்கயும் கொட்டலசு உண்டாண்ணே?" என்றான்.

"உண்டுடா. நம்மூரு மாதிரியேதான் அறுக்குது."