மூன்றாவது தாழி

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

விருத்தாசலத்திலிருந்து மண் மூட்டைகள் வந்து இறங்கின. மொத்தம் இருபது. இந்த முறை மூன்று தாழிகள் செய்யப்போகிறேன், ஒவ்வொன்றும் என் தோள் உயரத்துக்கு. இடுப்பு பருத்து, அடி கூம்பி, தானாக நிற்க முடியாத வடிவம். இறந்தவர்களை வைத்து மண்ணுக்குள் புதைப்பதற்காகவே உருவான வடிவம் அது. அதை வெளியே, வெளிச்சத்தில், இரும்பு வளையத்தின் மேல் நிறுத்திப் பார்க்க ஆசை.

ஏப்ரலில் ஆதிச்சநல்லூர் போய்வந்ததிலிருந்து இந்த எண்ணம் விடவில்லை. அங்கே கண்ணாடித் தரையின் மேல் நின்று குனிந்தால், தோண்டிய குழிக்குள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கூட வந்தவர்கள் உள்ளே என்ன இருந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தாழியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒட்டிய மண்பட்டையில் கட்டைவிரலால் அழுத்திய குழிகள், கயிறு சுற்றினாற்போல வரிசையாக. ஓரிடத்தில் இரண்டு குழிகள் நெருங்கிவிட்டன, அடுத்தது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிக்கும்போது கணக்கு ஒட்டவில்லை போலிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆகும்.

நூறு கிலோ களிமண்ணுக்கு இருபத்தைந்து கிலோ சுட்ட மண்பொடி. பெரிய உருவத்துக்கு இது இல்லாமல் முடியாது. ஏற்கெனவே சுட்ட மண் மறுபடி சுருங்காது, ஈரம் வெளியே வரவும் அதுவே வழி விடும். தம்பியும் நானும் மாலைவரை மிதித்தோம்.

செப்டம்பர் 22

முதல் தாழி முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அடி கூம்பு என்பதால் மணலில் குழி பறித்து, அதில் துணி விரித்து, அதற்குள் உட்காரவைத்துக் கட்டுகிறேன். மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றி வைத்து, உள்ளே ஒரு கையால் மரக்குமிழைத் தாங்கி, வெளியே பலகையால் தட்டுவது. ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் போவதில்லை. போனால் கீழே இருக்கும் ஈரமண் எடை தாங்காமல் பிதுங்கிவிடும். கீழ்ப்பகுதி தோல் பதத்துக்கு வரவேண்டும், மேல்விளிம்பு மட்டும் பச்சையாக இருக்கவேண்டும், அப்போதுதான் அடுத்த திரி பிடிக்கும். அதனால் விளிம்பைச் சுற்றி ஈரத்துணி, அதன்மேல் பிளாஸ்டிக்.

தட்டும்போது கேட்கும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈரமாக இருக்கும்போது சப் சப் என்கிறது. பதம் ஏற ஏற டப் டப் என்று இறுகுகிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் எந்தப் பக்கம் தடிமன் கூடியிருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

150 செ.மீ. கட்டுகிறேன். காய்ந்து சுட்டு வெளியே வரும்போது 135 தான் மிஞ்சும்.

நவம்பர் 2

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன், புதுக்கோட்டைப் பக்கம். ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்யும் வேளார் தாத்தாவைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. நான் களிமண்ணைத் தொட்டதே அவர் வீட்டுத் திண்ணையில்தான். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொண்டுவந்து கொடுக்கும் நாளில், அதை இரு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் பிடிமண்ணைக் கலந்துதான் வேலை தொடங்கும்.

“வாத்தா, என்ன செய்யிற இப்போ?” என்றார். தாழி என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தடிமன் கேட்டார். ஒரு விரற்கடைக்கு மேலே என்றேன்.

“எத்தனை நாளா காயுது?”

“முதல் ரெண்டும் மூணு வாரத்துக்கு மேல ஆச்சு தாத்தா. மூணாவது இப்பத்தான் பாதி.”

“நாளக் கணக்கு பாக்காத. கன்னத்தை வச்சுப் பாரு. சில்லுனு இருந்துச்சுன்னா உள்ள தண்ணி இருக்கு.”

எழுந்துபோய், வெயிலில் நின்ற குதிரைக்கால் ஒன்றில் கன்னத்தை வைத்துக் காட்டினார். நானும் வைத்தேன். வெளியே சாம்பல் நிறமாக, நன்றாகக் காய்ந்தாற்போலத்தான் இருந்தது. தொடைப்பக்கம் லேசான குளிர்ச்சி. “இன்னும் நாலு நாளு” என்றார்.

பொட்டியில் ஈரமானி வைத்திருக்கிறேன். இனி அது தேவைப்படாது என்று தோன்றுகிறது.

நவம்பர் 19

இரண்டு தாழிகளும் முதல் சுடல் முடிந்து வெளியே வந்துவிட்டன. விரிசல் இல்லை!

சூளையில் ஏற்றும் முன் அடி, இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொரு இடத்திலும் கன்னத்தை வைத்தேன். குளிர்ச்சி எங்கும் இல்லை. அப்படியும் முதல் ராத்திரி முழுக்க ஒற்றை பர்னரைச் சிறு தீயில் வைத்து, நூறு டிகிரிக்குக் கீழேயே நிறுத்தினேன். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் நிதானமாகப் போகவேண்டும். அவசரப்பட்டால் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரையே பிளந்துவிடும். அப்புறம் 573 டிகிரி. மண்ணிலிருக்கும் படிகக்கல் அந்த இடத்தில் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே மெதுவாகத்தான் கடக்கவேண்டும். 950 வரை கொண்டுபோய் அணைத்தேன். இரண்டு நாள் கதவைத் தொடவில்லை.

புதுச்சேரியில் எங்களைப் போன்றவர்கள் இப்படிச் சூளை வைத்துப் பிழைக்கிறோம் என்றால், 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதுதான் காரணம். மீக்கர் மண்வீடுகளையே கட்டி, உள்ளே தீமூட்டி, முழு வீட்டையும் சுட்டவர். கட்டிய வீடே சூளை. சூளைக்கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். எவ்வளவு பெரிதாக யோசித்திருக்கிறார்!

மூன்றாவது தாழிக்குக் கழுத்து வைத்தாயிற்று. விரல்குழிப் பட்டையும் ஒட்டிவிட்டேன். எண்ணாமல்தான் அழுத்தினேன். கடைசிக் குழி கொஞ்சம் குறுகிப்போனது, அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் 29

புயல் வருகிறது என்கிறார்கள். காலையிலிருந்து காற்று வேறு மாதிரி வீசுகிறது. மூன்றாவது தாழி மணல்குழியில் இருக்கிறது, நகர்த்த முடியாது. பச்சை மண்ணைத் தூக்கினால் தூக்கின கையிலேயே உடையும். அதைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டினோம். “அக்கா, இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, வாங்க” என்று தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான்.

டிசம்பர் 2

இன்றுதான் பட்டறைக்குப் போக முடிந்தது. ஃபெஞ்சல் 30-ஆம் தேதி ராத்திரி கரையைக் கடந்து, நகராமல் இங்கேயே நின்று கொட்டியிருக்கிறது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. வீட்டில் எல்லாரும் நலம். பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்த கோடு சுவரில் தெரிகிறது.

கூரைத் தகடு ஒன்று பறந்துவிட்டது. அதற்கு நேர் கீழே நின்ற முதல் தாழி, சுட்டது, விளிம்புவரை மழைநீரால் நிரம்பி இரும்பு வளையத்தில் அப்படியே நின்றது. வெளிச்சுவரெங்கும் வியர்த்தாற்போல நீர் கசிந்துகொண்டிருந்தது. குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினோம். இரண்டாவதுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது இல்லை. மணல்குழி இருந்த இடத்தில் கூழ்.

கீழ்ப்பாதி முதலில் கட்டியது, நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்த மண்தான் தண்ணீரைக் கண்டதும் உடனே கரையும். சுவர் சில நிமிடம் குமிழி விட்டு, ஏடு ஏடாக உதிர்ந்து, குழம்பாகிவிடும். ஈரம் இருக்கும் மண் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, கடைசியாக வைத்த கழுத்து மட்டும் கரையாமல் கூழின் மேல் சாய்ந்து கிடந்தது. பட்டையிலிருந்த விரல்குழிகள் விளிம்பு மழுங்கி, ஆழமில்லாமல், ஆனால் எல்லாமே இருந்தன. குறுகிப்போன கடைசிக் குழியும் இருந்தது. அதைத் தேடித்தான் முதலில் பார்த்தேன்.

உட்கார்ந்து அழுதேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்ச் சேறு தள்ளிக்கொண்டிருந்தான்.

தென்பெண்ணையில் தண்ணீர் வந்து பாகூர்ப் பக்கம் வீடுகளே மூழ்கியிருக்கின்றன. எனக்குப் போனது ஒரு தாழி.

டிசம்பர் 10

தோழி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, சரிந்த கழுத்தை அப்படியே காயவைத்துச் சுடச் சொன்னாள். புயல் செய்த சிற்பம், அதுவே அழகாக இருக்கிறது என்றாள். அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாய்ந்தது அதுவாகச் சாய்ந்தது, அதில் என் தீர்மானம் ஒன்றுகூட இல்லை. கழுத்தையும் உடைத்துக் கூழோடு சேர்த்துவிட்டேன்.

கூழை வாளி வாளியாக அள்ளிச் சல்லடையில் விட்டோம். வைக்கோல், இலை, பிளாஸ்டிக் துண்டுகள், நல்லவேளையாகக் கண்ணாடி இல்லை. சலித்ததைப் பழைய வேட்டிகளில் ஊற்றி, செங்கல் படுகையின் மேல் காயப்போட்டிருக்கிறேன்.

சுட்ட தாழிகள் இரண்டும் காயக் காய வெள்ளை பூக்கின்றன. வெள்ளநீரில் வந்த உப்பு. சுவருக்குள் போன தண்ணீர் வெளியேறும்போது உப்பை மேல்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. தேங்காய்நாரால் தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி காயவைத்து, மறுபடி தேய்க்கவேண்டும். இன்றோடு மூன்று முறை ஆகிவிட்டது.

ஜனவரி 5, 2025

மீட்ட மண்ணில் சிறு வில்லைகள் செய்து 1200 டிகிரியில் சுட்டுப் பார்த்தேன். தனியாகச் சுட்டது கருப்புக்குப் பக்கமான பழுப்பாகி, மேலே கொப்புளம் கண்டுவிட்டது. வெள்ளத்தில் வந்த வண்டல் சேர்ந்ததால் சீக்கிரம் உருகுகிறது. ஒரு பங்கு இந்த மண், இரண்டு பங்கு புது மண் என்று கலந்த வில்லை மட்டும் உறுதியாக, கருப்பட்டி நிறத்தில் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் செங்கல் நிறம். மூன்று தாழிகளும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இப்போது மூன்றாவது இந்த நிறத்தில்தான் இருக்கவேண்டும்.

மணல்குழியை மறுபடி பறித்தோம், இந்த முறை ஓர் அடி உயர மேடையின் மேல்.

பிப்ரவரி 23

மூன்றாவது தாழி முடிந்து பதினாறு நாள். தை வெயில் நன்றாக அடித்தது, ஆனாலும் நிழலிலேயே வைத்திருந்தேன். நேற்று அடியிலும் கழுத்திலும் குளிர்ச்சி இல்லை. இடுப்பில், வடக்குப் பக்கம், உள்ளங்கை அளவு ஓரிடத்தில் மட்டும் சில்லென்று இருந்தது. சுவர் அங்கே தடிமன் கூடியிருக்கும்.

சூளை தயார். தம்பி சிலிண்டர்களை மாட்டிவிட்டு, “இன்னிக்கு ஏத்திடலாமா அக்கா?” என்றான்.

கன்னத்தை வைத்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

“புதன்கிழமை பாப்போம்” என்றேன். துணியை மறுபடி போர்த்திவிட்டு வந்தோம்.