டிடிபி கடையின் பழைய ஹார்ட் டிஸ்க்கை இமேஜ் எடுத்த அனுபவம்

மாமா தன் டிடிபி கடையை மூடி வருஷக்கணக்காகிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ் என்று பேஜ்மேக்கரில் போட்டதெல்லாம் ஐடிஇ என்ற பழைய வகை இணைப்புள்ள ஒரே ஒரு 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. ஊர்க் கோயிலில் அடுத்த கும்பாபிஷேகம் வருகிறது, போன முறை போட்ட மலரின் ஃபைல் வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். இவர் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் எக்ஸ்பி லோகோவோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கடைப் பையன் செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்றானாம். நல்லவேளையாக அதற்கு முன் எனக்கு போன் வந்தது. "மாப்ள, அந்த மலர் மட்டும் கெடச்சாப் போதும், மத்ததெல்லாம் போனாப் போவுது" என்றார்.

செக்டிஸ்க் பழுது பார்க்கிற புரோகிராம். பழுது பார்ப்பதென்றால் டிஸ்க்கில் எழுத வேண்டும். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் எழுதுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. முதலில் மொத்த டிஸ்க்கையும் செக்டர் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, எடுத்துவிட வேண்டும். சிகிச்சையெல்லாம் அந்த இமேஜின் காப்பியில்தான்.

டிஸ்க் எப்படி இருக்கிறது என்று, டிஸ்க்கின் உடல்நலக் குறிப்பைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு பார்த்தேன். பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு வரிகள். 5-ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டாவதில் மூன்றிலக்க எண் நின்றது. ஆனால் 'டக் டக்' என்ற சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் ஹெட், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனை, போய்விட்டது என்று பொருள். உடனே பவரைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் வசதியுள்ள லேபுக்குக் கொடுப்பதுதான் வழி. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேறொன்றும் ஆகாது.

ஐடிஇ-யை யூஎஸ்பி ஆக்கும் அடாப்டர் ஒன்று கையில் இருந்தும் அதைத் தொடவில்லை. படிக்க முடியாத செக்டர் வந்தால் மலிவான அடாப்டர்கள் அப்படியே உறைந்துவிடும், கழற்றி மாட்ட வேண்டும். போர்டிலேயே ஐடிஇ சாக்கெட் இருக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப்பிடித்து நேரடியாகச் செருகி, மீட்பு வேலைக்கான சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்தேன். எது பழைய டிஸ்க், எது இமேஜ் போகப்போகும் புது டிஸ்க் என்பதை மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது, அடுத்த பூட்டில் இடம் மாறி நிற்கலாம். பழையதை பிளாக்டெவ் கட்டளையால் ரீட்-ஒன்லி (படிக்கலாம், எழுத முடியாது) ஆக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

இமேஜ் எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம். சாதாரண காப்பி முதல் பேட் செக்டரிலேயே, அதாவது படிக்க முடியாத செக்டரிலேயே, முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அது மல்லுக்கட்டும் நேரத்தில் டிஸ்க்கே போய்விடலாம், நன்றாக இருந்த மிச்ச இடமும் அதோடு போகும். டிடிரெஸ்க்யூ பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிடும் பையனைப் போல. தகராறு செய்யும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாவிப் போய்விடும், அடுத்த சுற்றில் எதிர்த்திசையிலிருந்து வரும், கடைசியில்தான் மிச்சத்தை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். நான் முதல் ஓட்டத்தில் அந்தச் சுரண்டலையும் நிறுத்தி வைத்தேன். நல்ல இடங்கள் மளமளவென்று வந்துவிட்டன. அப்புறம்தான் வேகம் விநாடிக்குச் சில பைட்டுகளுக்கு இறங்கியது. டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அந்தக் குறிப்பெல்லாம் மேப் ஃபைல் என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் சேர்கிறது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் எந்த இடம், எவ்வளவு நீளம், ஒரு குறி. கூட்டல் என்றால் எடுத்தாகிவிட்டது, கழித்தல் என்றால் பேட் செக்டர், கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவே இல்லை. நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இப்படிப் பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டர் ராமில் இருக்கிறது. மேப் ஃபைலை அங்கே வைத்தால் கரண்டோடு அதுவும் போகும். இமேஜுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

80 ஜிபியில் தேறாமல் போனது ஒரு எம்பிக்கும் குறைவுதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். இமேஜுக்கு ஃபைலின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண் எடுத்துக் குறித்துக்கொண்டு, இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி, அதிலும் அதே எண் வருகிறதா என்று சரிபார்ப்பு.

சரி, அந்த ஒரு எம்பி யார் தலையில் விழுந்தது? படிக்காத இடங்கள் இமேஜில் வெறும் பூஜ்யங்களாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோட் இங்கே கைகொடுக்கிறது. இமேஜின் காப்பி ஒன்றில், மேப் ஃபைலில் கழித்தல் குறியுள்ள இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு விசித்திரச் சொல்லால் நிரப்பிவிடும். அதை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து (டிஸ்க் போலத் திறந்து), அந்தச் சொல் எந்த ஃபைல்களில் வருகிறது என்று தேடினால் சேதப் பட்டியல் தயார். பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஃபைல்கள். அதனால்தான் எக்ஸ்பி பூட் ஆகவில்லை போலும்.

மலரைத் தேடுவது தனிக் கூத்து. ஃபைல் பெயர்கள் நியூ1, நியூ2, ஃபைனல், ஃபைனல்2 என்று போகின்றன. எழுத்து எல்லாம் பாமினி ஃபான்ட், இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய வகை, யூனிகோடில் 'கோயில்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது. பாமினியில் கோயில் என்பது கேபிடல் என், அப்புறம் சின்ன எழுத்தில் எஃப், எச், ஏ, பி, ஒய், கடைசியில் அரைப்புள்ளி. இப்படித் தேடியதும் நோட்பேடில் அடித்து வைத்த மலர்க் கட்டுரைகள் மாட்டின. அதே ஃபோல்டரில் பேஜ்மேக்கர் ஃபைலும் இருந்தது.

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக எக்ஸ்பி போட்டு பேஜ்மேக்கரில் திறந்தால் தலைப்புகள் எல்லாம் கோணல்மாணலாக நின்றன. மாமா காசு கொடுத்து வாங்கிய அலங்கார ஃபான்ட்கள் அவை. இன்று கடையில் கேட்டாலும் கிடைக்காது. ஆனால் இமேஜுக்குள் சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. வேண்டிய ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன். மாமா கேட்டது ஒரே ஒரு ஃபைல், அதைத் திறக்கத் தேவைப்பட்டதோ அதே டிஸ்க்கின் வேறொரு டிரைவில் இருந்தது.

இப்போது கடையின் பழைய சிடிக்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கும் டிடிரெஸ்க்யூதான், செக்டர் அளவை மட்டும் 2048 என்று மாற்ற வேண்டும். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை இன்னொரு கம்பெனி டிரைவ் சில சமயம் படித்துவிடுகிறது. அதே மேப் ஃபைலோடு சிடியை டிரைவ் டிரைவாக மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் தனக்கு முடிந்ததை நிரப்பிவிட்டுப் போகிறது. அதனால் குப்பைக்குப் போகும் சிடி டிரைவ் யாரிடமாவது இருந்தால் இப்போதெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.