ஒரு மில்லிபாரில் 28 பயணிகள்

ஒரு மில்லிபார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எங்கள் தொழிலில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெற்றிடம் அல்ல. ஊசி மருந்தை உறைய வைத்துப் பொடியாக உலர்த்தும் லையோ இயந்திரங்கள் தினமும் அதற்கும் கீழே, ஒரு மில்லிபாரில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலும் அம்பத்தூரிலும் நான் சர்வீஸ் பார்க்கும் பம்புகள் ஒரு மில்லிபாரை மூச்சு வாங்காமல் எட்டிவிடும். காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் பயணிகள் பெட்டியை ஓட்டும் ஹைப்பர்லூப் திட்டம் பற்றி 2013 ஆகஸ்டில் ஈலான் மஸ்க் வெளியிட்ட ஆவணத்தில், குழாய்க்குள் இருக்கவேண்டிய அழுத்தம் 100 பாஸ்கல் என்று போட்டிருந்தார். அதுவும் அதே ஒரு மில்லிபார்தான். பட்டறையில் அதைப் பேசியபோது முதலில் வந்த வார்த்தை, “இவ்ளோதானா?” இரண்டாவது கேள்வியை எங்கள் மூத்த ஃபிட்டர் கேட்டார்: “சரி, கதவு எங்க வெக்கிறாங்களாம்?”

அந்த இரண்டாவது கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 35 நிமிடம், உச்ச வேகம் மணிக்கு 1,220 கிலோமீட்டர், ஒரு பெட்டிக்கு 28 பேர். இதுதான் அந்த ஆவணத்தின் சாரம். வேகமாக ஓடும் எந்த வண்டிக்கும் பெரிய எதிரி காற்று. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் குழாய்க்குள் விட்டுவைத்தால் எதிர்ப்பும் அந்த அளவுக்கு விழுந்துவிடும். அதற்கும் கீழே போகலாம், ஆனால் பம்புக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். கடையில் கிடைக்கும் சாதாரண பம்புகளே போதும் என்கிற இடத்தில் அவர்கள் நின்றுகொண்டார்கள். அந்தத் தேர்வில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இணையத்தில் இதைக் கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைக் காட்டுவார்கள்: ஒரு டேங்கர் சட்டென்று நசுங்கி உள்ளே போவது. நானே அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆலையில் சேமிப்புத் தொட்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள், தூசி போகாமலிருக்க, காற்று போய்வரும் வென்ட் குழாயின் வாயில் பாலித்தீன் பையைக் கட்டியிருந்தார்கள். வேலை முடிந்தது, பையை யாரும் அவிழ்க்கவில்லை. பம்பைப் போட்டுத் திரவத்தை இறக்க ஆரம்பித்ததும் தொட்டியின் ஒரு பக்கம் குழிந்து உள்ளே போய்விட்டது. ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் என்று காற்று வெளியிலிருந்து அழுத்துகிறது, வேறென்ன ஆகும்? ஆனால் அந்தத் தொட்டி வெற்றிடத்துக்காகச் செய்த தொட்டியே அல்ல, மெல்லிய தகடு. மஸ்க் ஆவணத்தில் குழாய்ச் சுவர் 20 முதல் 23 மில்லிமீட்டர் கனம். வெளியழுத்தம் தாங்கும் பாத்திரத்துக்குச் சுவர்க் கனம் எவ்வளவு, வளையம் எத்தனை அடிக்கு ஒன்று என்பதெல்லாம் எங்கள் துறையில் பழைய கணக்கு. குழாய் நசுங்கும் என்று நான் பயப்படவில்லை.

என் கவலை ஒழுகல்.

லையோவில் லீக் பார்ப்பது எப்படி என்றால், சேம்பரை நன்றாக இழுத்துவிட்டு பம்பு வால்வை மூடிவிட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் பரீட்சை. புது இயந்திரம் என்றால் உள்ளே கசியும் காற்று நொடிக்கு 0.02 மில்லிபார்-லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாக வைக்கும் வரம்பு. தேறாவிட்டால் ஹீலியம் சிலிண்டரும் டிடெக்டரும் வரும். ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தை மெல்லத் தூவி, எங்கே கருவி கத்துகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் வெல்டிங்கில் கத்தாது. கதவுக் கேஸ்கட், கண்ணாடி ஜன்னல், வால்வுத் தண்டு, ஒயர் உள்ளே போகும் துளை ஆகியவற்றில்தான் கத்தும். ஒரு தடவை ராத்திரி முழுக்கத் தேடிய லீக், கதவுக் கேஸ்கட்டின் குறுக்கே ஒட்டியிருந்த ஒற்றைத் தலைமுடியில் வந்து முடிந்தது. “உடம்பு ஒழுகாது தம்பி, வாய்தான் ஒழுகும்” என்று அந்த மூத்த ஃபிட்டர் புதிதாகச் சேரும் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இப்போது அதைச் சென்னை–பெங்களூருக்கு நீட்டிப் பாருங்கள். 3.3 மீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு கிலோமீட்டருக்கே 8,550 கன மீட்டர் இடம். 350 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் கன மீட்டர். ஈர்ப்பு அலைகளைத் தேடும் அமெரிக்காவின் லிகோ ஆய்வகத்தில் நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டு உண்டு. சுமார் 10,000 கன மீட்டர் அளவுள்ள அந்த வெற்றிடத்தை உண்டாக்க 40 நாள் பிடித்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பல கோடி மடங்கு சுத்தமான வெற்றிடம், அதனால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை. தவிர, பெரிய குழாயில் சின்ன லீக் ஒன்று அழுத்தத்தை அவ்வளவு சீக்கிரம் ஏற்றிவிடாது, கூடுதலாக ஒரு பம்பைப் போட்டுச் சமாளித்துவிடலாம். சமாளிப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. வாலாஜாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எந்தத் தூணுக்கு மேலே ஹீலியம் தூவுவது?

வெயில் வேறு இருக்கிறது. எஃகு 40 டிகிரி சூடு ஏறினால் கிலோமீட்டருக்கு 48 சென்டிமீட்டர் நீளும். மே மாத மத்தியானத்துக்கும் மார்கழி விடியலுக்கும் நடுவில் தகட்டின் சூடு அந்த அளவுக்கு மாறத்தான் செய்யும். நீளும் குழாய்க்கு இடம் கொடுக்க நடுநடுவே பெல்லோஸ் என்கிற மடிப்பு மூட்டு வைக்கவேண்டும், இல்லையென்றால் முழு நீளத்தையும் நழுவ விட்டு இரண்டு முனையிலும் வாங்கிக்கொள்ளவேண்டும். முன்னதில் மூட்டுகள் பெருகும். பின்னதில் நிலையத்தின் வாசலே நகரும்.

இந்தச் சீல் தொல்லை இருநூறு ஆண்டுகளை நெருங்குகிறது. இங்கிலாந்தில் பொறியாளர் புரூனெல் 1847-இல் எக்ஸிட்டர்–நியூட்டன் ஆபட் பாதையில் காற்றழுத்த ரயிலை ஓடவிட்டார். தண்டவாளங்களுக்கு நடுவே குழாய், அதற்குள் பிஸ்டன், மேலே நீளப் பிளவு, பிளவை மூட வழிநெடுகத் தோல் பட்டை. ரயில் நன்றாகவே ஓடியது. தோல் காய்ந்தது, கிழிந்தது, கொழுப்பைப் பூசிப் பூசிப் பார்த்தும் காற்று கசிந்தது. 1848 செப்டம்பரில் கடையைக் கட்டிவிட்டார்கள். அந்தத் தோலைப் பராமரித்த ஆட்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பாவமாக இருக்கிறது.

இனி கதவு. பயணிகள் ஏறி இறங்க இரண்டு வழி உண்டு. பெட்டி ஒரு அறைக்குள் வந்து நிற்க, முன்னும் பின்னும் கேட் வால்வு என்கிற தட்டுக் கதவு மூடி, அறைக்குள் காற்றை விட்டுக் கதவைத் திறப்பது ஒன்று. பெட்டியின் கதவோடு நிலையத்தின் கதவை நேராக ஒட்டி, இடையிலுள்ள சின்ன இடைவெளிக்கு மட்டும் காற்று விடுவது இன்னொன்று. முதல் வழியில் 3.3 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்று 85 டன்னுக்கு மேல் தாங்கிக்கொண்டு, சில நிமிடத்துக்கொரு முறை திறந்து மூடவேண்டும். இரண்டாவது வழியில் ஓடி வந்து நிற்கும் வண்டியின் சீல், ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டர் பிசகாமல் உட்காரவேண்டும். லையோவில் ஒரு சுற்று ஓட நாள்கணக்காகும். கதவு வாரத்தில் சில தடவைதான் திறக்கும். அப்படியிருந்தும் கேஸ்கட் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே கதவு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திறக்கும், அதுவும் சூட்கேஸ் சக்கரம், செருப்பு மண், குழந்தை கொட்டிய பாப்கார்ன் எல்லாவற்றோடும்.

வெளியில் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு. வெற்றிட உலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். காற்று நிறைய இருந்தால் மின்சாரம் எளிதில் தாவாது, காற்றே இல்லையென்றாலும் தாவாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அழுத்தத்தில் முன்னூற்றுச் சொச்சம் வோல்டே போதும், முக்கால் சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிவிடும். அந்தக் கெட்ட அழுத்தம் ஏறக்குறைய இதே ஒரு மில்லிபார். அதனால்தான் உலைகளில் ஹீட்டருக்குக் குறைந்த வோல்டேஜே கொடுக்கிறோம். உலையின் பார்வைக் கண்ணாடி வழியாக, ஹீட்டருக்கு மின்சாரம் போகும் முனையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு ஒளி மினுங்குவதைப் பார்த்தால் பேசாமல் பவரை அணைத்துவிடுவோம், அடுத்து வருவது ஆர்க் என்கிற பெரிய மின்பொறி. ஹைப்பர்லூப்பில் வண்டியைத் தள்ளுவதும் தூக்கிப் பிடிப்பதும் மின்சாரம்தான். மோட்டார் சுருளையும் இணைப்புகளையும் முழுக்கப் பிசினில் முக்கி மூடினால் தப்பிக்கலாம். மூடினால் சூடு வெளியேறாது, ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்று இல்லை. தீர்வு இல்லாத விஷயமல்ல. ஆனால் யூடியூப் வீடியோவில் வழுக்கிக்கொண்டு போகும் வெள்ளைப் பெட்டியில் இதெல்லாம் தெரியாது.

மனிதரை ஏற்றும்போது கணக்கே மாறிவிடுகிறது. விமானத்தில் கேபின் அழுத்தம் போனால் மாஸ்க் தொங்கும், பைலட் சட்டென்று கீழே இறக்குவார், மூச்சு விடலாம். ஒரு மில்லிபாரில் மாஸ்க் பிரயோஜனமில்லை. 63 மில்லிபாருக்குக் கீழே போனாலே உடம்பின் சூட்டில் நீர் கொதிக்கும். குழாய்க்குள் கீழே இறங்கவும் இடமில்லை. பெட்டியில் ஓட்டை விழுந்தால் ஒரே வழி, அந்தப் பகுதிக் குழாய் முழுவதையும் காற்றால் நிரப்புவது. அப்போது பின்னால் வரும் பெட்டிகள் என்ன செய்யும்? 30 நொடிக்கு ஒரு பெட்டி விடலாம் என்கிறது அந்த ஆவணம். 1,220 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, பயணிகள் பெல்ட்டில் தொங்கும் அளவுக்கு அரை ‘ஜி’ விசையில், அதாவது புவியீர்ப்பில் பாதி அளவுக்கு, பிரேக் போட்டாலும் நிற்க 70 நொடி ஆகும்.

இடைவெளியை இரண்டு நிமிடமாக்கினால் பாதுகாப்பு வரும், ஆள் குறையும். மணிக்கு 30 பெட்டி, பெட்டிக்கு 28 பேர், மொத்தம் 840 பேர். பதினாறு பெட்டி வந்தே பாரத் ஒன்றிலேயே 1,128 இருக்கைகள். ஜப்பானின் தொக்கைதோ ஷின்கான்சென் ஒரு ரயிலில் 1,323 பேரை உட்காரவைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது. வேகத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

நெவாடா பாலைவனத்தில் வர்ஜின் ஹைப்பர்லூப் 2020 நவம்பரில் முதன்முதலாக மனிதர்களை ஏற்றி ஓட்டியது. 500 மீட்டர் குழாய், மணிக்கு 172 கிலோமீட்டர். மும்பை–புணே திட்டம் பற்றிப் பெரிய பேச்செல்லாம் இருந்த காலம் அது. 2022-இல் நூற்றுக்கு மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, இனி சரக்கு மட்டும் என்றார்கள். 2023 முடிவில் நிறுவனமே மூடியது. சிரித்தவர்கள் நிறைய. நான் சிரிக்கவில்லை, ஆள் ஏற்றிய குழாயில் அரைக் கிலோமீட்டருக்காவது எல்லாச் சீலும் நின்றிருக்கிறது.

நான் ஆலத்தூருக்குப் போகும் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் தையூர். அங்கே ஐஐடி மெட்ராஸின் வளாகத்தில் நானூறு மீட்டருக்குச் சற்று அதிகமான சோதனைக் குழாய் இருக்கிறது. 2022-இல் ரயில்வே அமைச்சகம் 8.34 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் வந்து பார்த்துவிட்டு, மின்னணுப் பகுதியை ஐசிஎஃப் செய்யும் என்று அறிவித்தார். செய்தி வந்த அன்று வாட்ஸ்அப்பில் ‘சென்னை–பெங்களூரு அரை மணி நேரம்’ என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அனுப்பினார்கள். வேகம் கூட்ட நீண்ட தூரம் தேவை. பயணிக்கு வலிக்காமல் முடுக்கினால் 1,000 கிலோமீட்டர் வேகத்தை எட்டவே 39 கிலோமீட்டர் ஓடவேண்டும். நானூறு மீட்டரில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் நான் கேட்கும் விஷயங்களை நானூறு மீட்டரிலேயே பார்த்துவிடலாம்: பம்பை நிறுத்திவிட்டு ஒரு இரவு விட்டால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, கடலோர உப்புக்காற்றில் இரண்டு கோடையும் இரண்டு வடகிழக்குப் பருவமும் போனபின் அதே எண் நிற்கிறதா, கேட் வால்வின் ரப்பர் எத்தனை ஆயிரம் திறப்புக்குத் தாங்குகிறது.

சரக்கை முதலில் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் பெட்டிக்குள் காற்றோடுதான். காற்றில்லாத பெட்டியில் ஓசூர்த் தக்காளியை ஏற்றினால் வந்து சேர்வது எங்கள் லையோவிலிருந்து வரும் சரக்கு மாதிரிதான் இருக்கும், ரசப்பொடிக்கு ஆகும். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் ஆம்பூர் தாண்டுவதற்குள் வெடித்திருக்கும். என்றாலும் சரக்குப் பெட்டியில் ஓட்டை விழுந்தால் நஷ்டம் பணத்தோடு முடிந்துவிடும். துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக் கிடங்குக்கு, நடுவில் நிறுத்தமே இல்லாத ஒற்றைப் பாதை என்றால் கதவும் இரண்டே இரண்டு. அது என் ஆயுளுக்குள் நடக்கலாம்.

பயணி வண்டி நடக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சீலும் கேட்டும் பெட்டிக் காற்றும் தேறுவதற்கு முன்னால் தேதி சொல்லுகிறவர்களை மட்டும் நான் நம்புவதில்லை. எங்கள் குழுவிலிருந்த பையன் ஒருவன், இந்த மாதிரி ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா சார் என்று கேட்டான். கம்பெனி நாளைக்கு மூடிவிட்டால் என்று அவன் அப்பாவுக்குப் பயம். போ என்றேன். நாலு மீட்டர் கேட் வால்வைக் கழற்றி மாட்டியவனுக்கு விண்கலச் சோதனை அறையிலும் வேலை உண்டு, சிப் தொழிற்சாலையிலும் வேலை உண்டு. சம்பளத்தை மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வாங்கிக்கொள் என்றேன்.