காரலும் கறிக்கோழியும்

எங்கள் அம்மா பாம்பனில் 32 ஆண்டுகள் மீன் விற்றவர். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, முதல் பேருந்தில் இராமநாதபுரம் போய், வெயில் ஏறுவதற்குள் தெருத்தெருவாக விற்று முடிப்பார். அப்படிப்பட்டவரின் உடம்பில் இரத்தம் குறைவாக இருக்கிறது என்றும், சர்க்கரையும் கூடியிருக்கிறது என்றும் போன மாதம் மருத்துவர் சொன்னபோது எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. மீனோடு வாழ்ந்தவருக்கு ஏன் இரத்தக்குறைவு என்று கேட்டேன். மருத்துவர் அம்மாவிடம், "காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். "ஒரு டீயும் பன்னும் டாக்டரம்மா. மதியம் வந்துதான் சோறு. சோத்துக்குப் பொறவு இன்னொரு டீ" என்றார் அம்மா.

அந்தப் பதிலில் எங்கள் கரையின் கதை முழுவதும் இருக்கிறது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சோற்றோடும், சோறு உண்ட உடனேயும் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதைக் குறைத்துவிடுகிறது. மீனோ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு நன்றாக உறிஞ்சுவதற்குத் துணை செய்கிறது. ஆனால் மீன் எங்கள் வீட்டில் யாருக்குக் கிடைத்தது? நடுத்துண்டுகள் அப்பாவுக்கும் எங்களுக்கும்; எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பும், இருந்தால் ஒரு தலையும் அம்மாவுக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019–21இல் இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வறுமை அதற்கு ஒரு காரணம். வீட்டில் யார் முதலில் உண்பது, யார் கடைசியில் உண்பது என்ற வழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் வெந்தது சூடையும் நெத்திலியும் காரலும்தான். வஞ்சிரமும் விளைமீனும் வெளியூர் போய்விடும். பொடிமீனை அம்மா ஆய்வதே தனி வேலை: தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வந்துவிடும், பிறகு கல் உப்பைப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் உரசுவார், செதில் கழன்று மீன் வெள்ளியாய் மின்னும். நெத்திலியையும் சிறு சூடையையும் முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கிறது. சூடையிலும் சாளையிலும் இதயத்துக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. விலை உயர்ந்த மீனில்தான் சத்து உண்டு என்ற எண்ணம் தவறு.

இன்று அந்தப் பொடிமீன் எங்கே போகிறது? விசைப்படகு வலையில் பெரிய மீனோடு சேர்ந்து வரும் காரலும் மற்றப் பொடிமீனும் 'சங்காயம்' என்ற பெயரில் ஒரே குவியலாகக் கொட்டப்பட்டு, கருவாட்டுக் களத்தில் மணலோடு மணலாகக் காய்ந்து, மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்கு ஏற்றப்படுகிறது. வலையின் கண் சிறுத்ததால் குஞ்சுமீனும் இதில் சேர்கிறது. நாளைய கறியும் இன்றே போகிறது. அந்தத் தீவனம் தின்று வளர்ந்த கறிக்கோழி எங்கள் ஊருக்கே திரும்பி வருகிறது. மாலையில் பரோட்டாக் கடையில் சால்னாவாக அதை வாங்கி உண்கிறோம். "காரலை மூட்டை கட்டி அனுப்பிட்டு, கோழியைக் காசு குடுத்து வாங்குறோம் தம்பி" என்று அம்மா ஒருநாள் வருத்தத்தோடு சொன்னார்.

பரோட்டாவைக் குறை சொல்வது எளிது. கடலிலிருந்து களைத்து வரும் ஆளுக்கும், வலை பின்னிக் கை நொந்த பெண்ணுக்கும் அடுப்பு மூட்டாமல் பசியாற அந்தக் கடைதான் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் தவிடும் முளையும் நீக்கிய மைதா, நிறைய எண்ணெய், அதுவும் இரவு பத்து மணிக்கு, வாரத்தில் நான்கைந்து நாள் என்றால் உடம்பு என்ன செய்யும்? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் உள்ளவர்கள் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒருவராக இருக்கிறார்கள்.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அம்மாவின் சிறுவயதில் நெல்லுச்சோறு திருவிழாவுக்குத்தான். மற்ற நாளில் கேப்பைக் களியும் குதிரைவாலிக் கஞ்சியும், சில நாள் பட்டினியும். 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி அந்தப் பட்டினியை விரட்டியது. அதை எந்நாளும் நன்றியோடு நினைக்க வேண்டும். எனினும் மூன்று வேளையும் வெள்ளைச்சோறும் இட்லியுமே என்றாகிவிட்டது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குதிரைவாலி நம் மாவட்டத்திலேயே விளைந்தும், எங்கள் கரைக்கு அது நோயாளியின் உணவாகத்தான் வருகிறது. கருப்பட்டி போட்டால் தீங்கில்லை என்று நினைத்து டீயில் அதை அள்ளிப் போடும் உறவினர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: கருப்பட்டியும் சர்க்கரைதான். அதேபோல் கருவாடு எவ்வளவு ருசியானாலும் உப்பு மிகுந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. கொதிநீரில் இருமுறை ஊறவைத்துக் கழுவாத கருவாட்டை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

இப்போது நாட்டுப்படகு கரை சேரும் நேரத்தில் நானே போய்ச் சூடை வாங்கி வருகிறேன். அம்மா காலையில் பன்னுக்குப் பதில் கேப்பைக்கூழ் குடிக்கிறார். சோற்றுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுகிறார். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அதற்குத்தான் அம்மா இன்னும் பழகவில்லை. இரண்டு வாய் உண்பதற்குள் யாருக்காவது குழம்பு வேண்டுமா என்று கேட்டு எழுந்துவிடுகிறார். நேற்று என் மகள் அவர் சேலை முந்தானையைப் பிடித்து உட்கார வைத்து, அவர் தட்டில் இரண்டு சூடையை எடுத்து வைத்தாள்.