காமா வெடிப்பு எங்கே நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

2020 ஏப்ரல் 15. நாமெல்லாம் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தோம். அன்றைக்குச் செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த மார்ஸ் ஒடிஸி விண்கலத்தின் ரஷ்யக் கருவி ஒன்றில் காமா கதிர் (மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளி) எண்ணிக்கை திடீரென்று எகிறியது. விண்வெளியில் எங்கோ நடந்த ஒரு காமா வெடிப்பின் கதிர் அது. சுமார் 6.6 நிமிடம் கழித்து, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்ட் என்ற விண்கலத்திலும் அதே துடிப்பு. இன்னொரு 4.5 நொடியில் பூமியைச் சுற்றும் ஃபெர்மி செயற்கைக்கோளில். வெடிப்பு நீடித்ததோ வெறும் 140 மில்லிநொடி.

இதில் யாரும் எதையும் படம் பிடிக்கவில்லை. இந்தக் கருவிகள் துல்லியமாகச் சொல்வது 'இத்தனை மணிக்கு வந்தது' என்பதைத்தான், அதிலிருந்துதான் சரியான திசையைக் கறக்க வேண்டும்.

காமா கதிரோடு இருக்கும் தொல்லை என்னவென்றால், சாதாரணக் கண்ணாடியோ லென்ஸோ வைத்து அதை ஒரு புள்ளியில் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் நேரக் கணக்கு. 15 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 5 நொடி. கதிர் விண்ட், பூமி இரண்டையும் இணைக்கும் கோட்டிலேயே வந்திருந்தால் வித்தியாசம் 5 நொடி இருந்திருக்கும், பக்கவாட்டில் வந்திருந்தால் ஒன்றுமே இருக்காது. 4.5 என்றால் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக வந்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரியாதே? அதனால் இரண்டு கலங்கள் கிடைத்தால் வானத்தில் ஒரு வளையம்தான் கிடைக்கும். மூன்றாவது கலம் சேர்ந்தால் இன்னொரு வளையம், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. கலங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு மெல்லியதாக வளையம் வரும். செவ்வாயில் ஒரு கருவி இருப்பது அதனால்தான் பெரிய வரம்.

அன்றைக்கு வளையங்கள் வெட்டிய இடத்தில் என்ஜிசி 253 என்ற கேலக்ஸி இருந்தது, சுமார் 1 கோடியே 14 லட்சம் ஒளியாண்டு தூரம். இடம் தெரிந்த பிறகுதான் கதை மாறியது. அந்தத் தூரத்துக்கு ஆற்றலைக் கணக்குப் போட்டால், குறுகிய வெடிப்புகளுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணமான, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த உருண்டைகள்) மோதியதாக இருக்க முடியாது, மேக்னட்டார் ஒன்றின், அதாவது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம் ஒன்றின், ராட்சதச் சீற்றம்தான் பொருந்துகிறது. இடம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் பத்தோடு பதினொன்றாகக் குறுகிய வெடிப்புப் பட்டியலில் போயிருக்கும்.

இந்த வித்தை பழையதுதான். அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா விட்ட வேலா செயற்கைக்கோள்கள் 1967-ல் முதல் வெடிப்பைப் பிடித்தன. பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று உறுதி செய்ததே கலங்களுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை வைத்துத்தான், 1973-ல்தான் வெளியில் சொன்னார்கள். அப்புறம் கால் நூற்றாண்டுக்கு, வெடிப்புகள் பால்வீதிக்கு உள்ளேயா வெளியேயா என்றே சண்டை. 1995-ல் வாஷிங்டனில் வானியலாளர்கள் இருவர், வெளியே என்று போடன் பச்சின்ஸ்கியும் உள்ளே என்று டொனால்ட் லாம்பும், மேடை போட்டு விவாதித்தார்கள், தீரவில்லை. எப்படித் தீரும்? காம்ப்டன் விண்கலத்தின் பேட்ஸி கருவி 2,704 வெடிப்புகளைப் பிடித்தது, ஆனால் ஒவ்வொன்றின் இடத்திலும் சில டிகிரி பிசகு. ஒரு டிகிரி என்பதே இரண்டு முழு நிலா அகலம், அதற்குள் எந்தக் கேலக்ஸியை என்று சொல்வது.

தீர்த்து வைத்தது நிழல். பெப்போசாக்ஸ் என்ற இத்தாலி-நெதர்லாந்து செயற்கைக்கோளில், ஓட்டைகள் ஒழுங்கில்லாமல் போட்ட ஒரு தகடு, அதற்குக் கீழே உணர்கருவி. ஜன்னல் கம்பி நிழல் தரையில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சூரியன் இருக்கும் பக்கத்தைச் சொல்வதுபோல, தகட்டின் நிழல் நகர்ந்த அளவிலிருந்து எக்ஸ் கதிர் வந்த திசையைக் கணக்கிடலாம். 1997 பிப்ரவரி 28 வெடிப்பை இப்படிப் பிடித்து, எட்டு மணி நேரத்தில் கூர்மையான எக்ஸ் கதிர்க் கருவிகளைத் திருப்பினார்கள், மங்கிக்கொண்டிருந்த ஒரு புள்ளி தெரிந்தது. யான் வான் பாரடைஸ் குழு லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் 21 மணி நேரத்துக்குள் எடுத்த படத்தையும் மார்ச் 8 படத்தையும் ஒப்பிட்டது. முதலில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் ஏறக்குறைய காணோம். வெடிப்பு முடிந்த பிறகும் மிச்சம் இருக்கும் ஒளி அது.

அதே ஆண்டு மே 8 வெடிப்பின் மிச்ச ஒளியைக் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் நிறமாலையாகப் பிரித்தபோது சிவப்புப் பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு, தூரம் கூடக் கூட இதுவும் கூடும்) 0.835 என்று வந்தது. பல நூறு கோடி ஒளியாண்டு. பச்சின்ஸ்கி சொன்னதுதான் சரி.

2004-ல் ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் இதையே வேகமாக, ஆள் தலையிடாமல் செய்கிறது. சுமார் 52,000 ஈயத் துண்டுகள் பதித்த தகட்டின் நிழலை வைத்து இடத்தைக் கணித்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தானாகவே அந்தப் பக்கம் திரும்பி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் பார்த்து, தரைக்கும் சொல்லிவிடும்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது நேரக் கணக்குதான். விண்ட் 1994-ல் ஏவியது, மார்ஸ் ஒடிஸி 2001-ல். ஒன்று முக்கியமாகச் சூரியக் காற்றையும் மற்றது செவ்வாயையும் ஆராயப் போனவை, மேக்னட்டாரைப் பிடித்தது ஓவர்டைம்.