புதுக் கட்டிடத்துக்கு முன்

மே 4
புதுக் கட்டிடத்தின் கணினி வலையைப் பிரிவு பிரிவாக வெட்டுவது என் வேலை. கிடைத்தது 192.168.10.0/24: முகவரியின் 32 பிட்டில் முதல் 24 வலைக்கு, மீதி 8 கணினிகளுக்கு. அவ்வளவுதான். 256 முகவரியில் முதலாவது வலைக்கே அடையாளம், கடைசி பிராட்காஸ்ட்டுக்கு (வலையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப). எல்லாப் பிரிவும் மீதிக்குள் அடங்கணும், ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது.

மே 5
பெரியதை முதலில் வெட்டினேன். சாய்கோட்டுக்குப் பின் எண் ஒன்று கூடினால் கூறு பாதியாகும். கணக்குப் பிரிவில் 50 கணினி: /26, 0 முதல் 63 வரை, புழங்குவது 62. வரவேற்பும் சேவையும் 25: /27, 64 முதல் 95 வரை, 30. சர்வர்கள்: /28, 96 முதல் 111 வரை, 14. சின்னதிலிருந்து தொடங்கினால் நடுவில் ஓட்டை விழும். 64 முகவரிக் கூறு 64-இன் மடங்கில்தான் உட்காரும்.

மே 6
14 போதுமா?

மே 8
14-இல் கேட்வேக்கு, அதாவது வலையிலிருந்து வெளியே போகும் ரூட்டர் வாசலுக்கு, ஒன்று போய்விடும். 13. ரூட்டர் இணைப்பின் /30-ஐ (நான்கே முகவரி) 112-இல் வைக்கச் சொல்கிறார்கள். வைக்க மாட்டேன். அதை 252-க்குத் தள்ளிவிட்டு 112 முதல் 127 வரை காலியாக விட்டால், நாளைக்கு /28-ஐ /27 ஆக விரிக்கலாம். எந்த சர்வருக்கும் எண் மாறாது, மாஸ்க், அதாவது வலை எதுவரை என்று சொல்லும் எண், மட்டும் மாறும். காலியிடத்தை வீண் என்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

மே 9
ஒத்திகை. கணக்குப் பிரிவு பிரிண்டர், 192.168.10.20. அந்தப் பிரிவுக்குள் வேலை செய்கிறது. 10.4.1.9 வேறு ஊரில் இருக்கிறது, அங்கிருந்தும் பிரிண்ட் வருகிறது. பக்கத்து அறை 192.168.10.70-இலிருந்து மட்டும் வரவில்லை.

மே 10
தூக்கம் போச்சு. பிரிண்டர்தான் மனசில். மாஸ்க் பழைய 255.255.255.0-லேயே நிற்கிறது, 255.255.255.192 இருக்கணும். 70 அனுப்புவது ரூட்டர் வழியாகச் சரியாகவே போய்ச் சேருகிறது. பதில் சொல்லும்போதுதான் சிக்கல். பிரிண்டர் 70-ஐத் தன் மாஸ்க்கோடு ஆண்ட் செய்து, அதாவது வலைக்கான பிட்டை மட்டும் எடுத்து, பார்க்கிறது. முதல் மூன்று எண்ணும் ஒன்றே, ஆகவே தன் வலை என்று முடிவு கட்டுகிறது. கேட்வேயிடம் கொடுக்காமல், 70 யார் என்று தன் தெருவுக்குள்ளேயே கூவுகிறது. 70 அந்தத் தெருவிலேயே இல்லை. 10.4.1.9 வெளியாள் என்று அதற்குத் தெரியும், அதனால் அந்தப் பதில் கேட்வேக்குப் போகிறது. தூரத்து ஊர் எட்டுகிறது, பக்கத்து அறை எட்டவில்லை. 192 போட்டிருந்தால் 70-க்கு விடை 64, தனக்கு 0. இரண்டும் வேறு, தானாக கேட்வேக்குப் போயிருக்கும்.

மே 11
மாஸ்க்கைப் படிவத்தில் நிரப்பும் கட்டம் மாதிரி நினைக்கிறார்கள். கோபம் வருகிறது. எண்ணில் எத்தனை பிட் வலைக்கு, எத்தனை பிட் கணினிக்கு என்று சொல்வதே அதுதான். அது இல்லாமல் 192.168.10.70 வெறும் 32 பிட்.

மே 12
192-இல் தொடங்கினால் /24 என்ற சி வகுப்புப் பழக்கம் இன்னும் போகவில்லை. 1993-இலேயே வகுப்பே வேண்டாம் என்ற சிஐடிஆர் முறை வந்துவிட்டது! எல்லாப் பிரிண்டரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கணும். ஸ்கேனர்களையும்.

மே 13
பிரிண்டர் சரி. 70-இலிருந்து பிரிண்ட் வந்தது.

மே 14
புதுக் கட்டிடத்துக்குச் சாமான் வண்டி கிளம்பியாச்சு. சர்வர் பட்டியலில் இன்று இரண்டு புதுப் பெயர். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்வேயோடு சேர்த்து 14-இல் 13 போச்சு. 112 காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரூட்டரில் /30-ஐ யாராவது அதற்குள் வைத்துவிட்டால்?