மகனின் மலச்சிக்கலும் எங்கள் வீட்டுக் கோபமும்

என் மகனுக்கு இப்போது 7 வயது. காற்சட்டையிலேயே மலம் போகத் தொடங்கியபோது 5. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கேட்டால் "எனக்குத் தெரியல அம்மா" என்பான். நான் நம்பவில்லை. சோம்பேறித்தனம், பொய் என்று நினைத்து அடித்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மலைக்கு ஓடுகிற நேரத்தில் அவன் துணியை அலச வேண்டி வந்தால் அப்படி ஒரு கோபம் வரும். அவர் ஃபோனில் அதட்டுவார். மாமி, "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்பார். "உன் தம்பி நாறுறான்" என்று ஸ்கூலில் யாரோ சொன்னதிலிருந்து மூத்தவள் அவனோடு சேர்ந்து நடப்பதில்லை. பத்தடி முன்னால் போவாள், இவன் தனியாகப் பின்னால் போவான்.

முதலில் காட்டிய இடத்தில் வயிற்றோட்டம் என்று மருந்து தந்தார்கள். இன்னும் மோசமானது. அப்புறம் கடிதம் வாங்கிக்கொண்டு பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் போனோம். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தான், எனக்கு அன்றைய பேரும், அதாவது நாள் சம்பளமும், போனது.

டொக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அடிவயிற்றில் இடப்பக்கம் கட்டி கட்டியாக இருந்தது. எல்லாம் தேங்கிய மலம். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் விளக்கினார். எப்போதோ இறுகி வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடக்குகிறான். அடக்க அடக்கக் குடலின் கடைசிப் பகுதி விரிந்து உணர்ச்சி மங்கிவிடும், கட்டியின் ஓரமாக இளகியது கசியும். அது வருவது அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னி, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்றே நினைத்திருந்தோம். பிள்ளை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

முதல் சில நாட்கள் கூடுதல் மருந்து கொடுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினோம். அதன்பின் தினமும் பாணி மருந்து. மாதக்கணக்கில் குடிக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. கீரை, பப்பாசி, தண்ணீர் எல்லாம் உதவும், ஆனால் அவை மட்டும் போதாது. சாப்பிட்டதும் குடல் தானாக அசையுமாம், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, பத்து நிமிடம் உட்கார வைக்கச் சொன்னார்கள். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்ட வேண்டும். திட்டவே கூடாது.

எனக்கு இந்தக் கடைசிதான் கஷ்டமாக இருந்தது. மருந்தை வேளை தவறாமல் கொடுத்துவிட்டேன், வாயை அடக்கத்தான் வாரக்கணக்கானது. மாமியிடம் படம் வரைந்து காட்டினேன். கணவர் ஃபோனில், "இன்னைக்கு உட்காந்தியாடா?" என்று மட்டும் கேட்கப் பழகினார். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை, என் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

மூத்தவளை அடுத்த கிளினிக்குக் கூட்டிப்போனேன். தம்பி வேண்டுமென்று செய்வதில்லை என்பதை டொக்டர் வாயாலேயே கேட்டாள். வரும் வழியெல்லாம் பேசவேயில்லை.

எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் கொஞ்சம் தள்ளி, பொதுவானது. மழைக்காலத்தில் பாதையில் அட்டை, இருட்டினால் இவனுக்குப் பயம். இந்த ஏப்ரலில் மருந்தைக் குறைத்தபோது மறுபடி அடக்கத் தொடங்கினான், டொக்டர் அளவைக் கூட்டித் தந்தார். இந்தத் தடவை வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூத்தவள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறாள். அவன் உள்ளேயிருந்து, "அக்கா, இருக்கியா?" என்பான். "இருக்கேன்டா" என்று வெளியே நிற்பாள். தினமும் நாலைந்து தடவையாவது கேட்பான்.